அந்நியர் யார்? கோலா சிலாங்கூர்த் தமிழர் குடிபுகுந்த சரித்திரம்

ஒரு மனிதன் தான் பிறந்த ஊரை விட்டுக் கடல் கடந்து, முன்பின் அறியாத ஒரு சிறு துறையில் காலடி வைக்கும்போது, அவ்வூரார் அவனை அந்நியன் என்று அழைப்பது உலக வழக்கம். அவ்வழக்கத்தில் நமக்கு வியப்பில்லை. ஆனால், அவன் எத்தனை காலம் அந்நியனாகவே இருத்தல் வேண்டும், எதனைச் செய்தால் அவ்வூரான் ஆவான் என்னும் கேள்விக்கு மட்டும் எத்தேசத்தாரும் எளிதில் விடை பகர்வதில்லை. சிலாங்கூர் நதி கடலோடு கலக்கும் கோலா சிலாங்கூரையும், அந்நதிக்கரையில் உள்ளே தள்ளியிருக்கும் கம்போங் குவாந்தானையும், அவற்றைச் சூழ்ந்த வடசிலாங்கூர்த் தோட்டங்களையும் சான்றாகக் கொண்டு இக்கேள்வியை ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஊரின் பழமையைக் காண்போம். நகரை அடுத்து எழுந்து நிற்கும் மெலாவாத்திக் குன்று, பண்டைச் சிலாங்கூர் அரசர் ஆண்ட இடம். 1766-இல் சிலாங்கூரின் முதற் சுல்தானாக முடி புனைந்த சாலேஹுத்தீன், செலிபிஸ் தீவினின்றும் வந்த பூகிஸ் மரபினர். அவர் மைந்தர் சுல்தான் இப்ராஹீம் காலத்தில், 1784-இல், டச்சுக்காரர் குன்றின் மேலிருந்த கோட்டையைப் பற்றி, ஆல்டிங்ஸ்பர்க் என்று தங்கள் கவர்னர் ஜெனரலின் பெயரைச் சூட்டினர். மறு ஆண்டிலேயே சுல்தான் பகாங் வீரரின் துணைகொண்டு அதனை மீட்டார். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். சுற்றுப்புறக் கிராமங்களில் ஜாவாவிலிருந்தும் போர்னியோத் தீவின் பஞ்சார் நாட்டிலிருந்தும் வந்தோர் காடு திருத்தி வயல் கண்டனர். கடல் முகத்தில் சீனர் வலை வீசினர். ஓராங் அஸ்லி என்னும் ஆதிகுடிகளை ஒதுக்கிப் பார்ப்பின், இந்நதிக்கரையில் வாழ்வோருள் பெரும்பாலாரின் முன்னோர் தோணியிலோ கப்பலிலோ வந்து இறங்கியவரே. எவரையும் இழித்துரைக்க இதனைக் கூறினோமில்லை. வருதல் இழிவன்று என்பதை நிலைநாட்டவே கூறினோம்.

ஆயினும் எல்லாரும் ஒரே விதமாக வந்தாரில்லை. தமிழர் வந்த விதம் தனி. அயர்லாந்து தேசத்தில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் நேர்ந்தபோது, சுமார் 10 இலட்சம் ஜனங்கள் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை பேரே கப்பலேறி அமெரிக்கா முதலிய நாடுகளில் அந்நியராய்ப் புகுந்து இகழ்ச்சிக்கு ஆளாயினர். இன்று அதே தேசத்தின் கடற்கரைச் சிற்றூர்களில் பிற நாட்டார் வந்து குடியேற, "இவர் யார்?" என்று கேட்கும் முறை ஐரிஷ் மக்களுக்கு வாய்த்திருக்கின்றது. சென்னை மாகாணத்திலோ 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொண்டு போயிற்று. பஞ்சத்தோடு நிலமின்மையும், தலைமுறை தலைமுறையாய்த் தொடர்ந்த கடனும், சேரியில் பிறந்தவனைத் தெருவில் நடக்கவொட்டாத ஜாதிக் கொடுமையும் சேர்ந்துகொண்டன. நாகப்பட்டினத்தில் கப்பலேறினவன் செல்வத்தைத் தேடி ஓடினான் என்பார் உளர். அவன் ஓடியது பெரும்பாலும் எதனைத் தேடியன்று, எதற்கோ அஞ்சியே என்பது நமது துணிபு.

ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில் ஆள் சேர்க்கும் முறை ஓர் இயந்திரம் போலவே அமைந்தது. கோலா சிலாங்கூர்க் குன்றின்மேல் கலங்கரை விளக்கம் எழுந்த அதே 1907-ஆம் ஆண்டில், தமிழர் குடியேற்ற நிதி என்னும் பொது நிதியைச் சர்க்கார் ஏற்படுத்தினர். தோட்ட முதலாளிகள் யாவரும் அதற்கு வரி செலுத்த, அப்பணத்தினின்றும் கூலிகளின் கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. சஞ்சிக்கூலி முறை 1910-இல் விலக்கப்பட்டபின் கங்காணி முறையே ஓங்கிற்று. கங்காணி உரிமைச் சீட்டுடன் தன் சொந்தக் கிராமத்திற்குச் சென்று, உறவு சொல்லி, ஆசை காட்டி ஆள் பிடித்தான். அவ்வாறு சேர்ந்தவர் வேலைக்கு வரும் நாள்தோறும் தலைக்கு இத்தனை காசு என்று அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. மாமன் என்றும் அண்ணன் என்றும் அழைக்கப்பட்டவனே தன்னை எண்ணிக் காசாக்கினான் என்பதைப் புதிதாய் வந்தவன் பெரட்டுக் களத்திலேதான் உணர்ந்தான்.

இவ்விடத்தில் இரண்டு அந்நியரை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். பிரெஞ்சு தேசத்துப் பார்பெஸியூ என்னும் சிற்றூரினரான ஆன்றி ஃபோக்கோனியே 1905-இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் நதியோரத்தில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் அவர் தொடங்கிய செம்பனைப் பயிரே இந்நாட்டில் வாணிக முறையில் நடந்த முதற் செம்பனைப் பயிர். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நவீனம் 1930-இல் பிரான்சின் கோன்கூர்ப் பரிசைப் பெற்றது. அவரும் அந்நியர், அவர் தோட்டத்தில் மரம் நட்ட தமிழனும் அந்நியன். முன்னவர் முதலோடு வந்தார். பின்னவன் கடனோடு வந்தான். முன்னவர் பெயர் சரித்திர நூல்களில் ஏறிற்று. பின்னவன் பெயர் செக்ரோலில் மட்டும் ஏறிற்று. செக்ரோல் எழுதும் தொழிலினராகிய நாம் ஒன்று கூறுவோம். ஆள் நின்றுவிட்டால் அப்பெயரைக் கோடிட்டு அடிப்பதற்கு ஒரு நொடி போதும். ஆயினும் தென்னமரம் என்னும் தோட்டப் பெயர் மட்டும் எக்கோட்டிற்கும் அடங்காமல் தமிழ்ச் சொல்லாகவே இன்றும் ஒலிக்கின்றது.

தோட்ட வாழ்க்கையின் இயல்பு யாவரும் அறிந்ததே. விடியுமுன் பெரட்டு, மரம் வெட்டுதல், மங்கில் வடிந்த பாலைச் சேர்த்துச் சுமத்தல், ஆயாக்கொட்டகையில் பிள்ளை, மாலையில் கள்ளுக்கடை. 1920-களின் இறுதியில் நிலையான நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரம் ஒன்றே, கத்தி ஒன்றே, கூலி மட்டும் இரண்டு! 1923-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்று விதித்தது. தமிழ்ப் பள்ளி பல தோட்டங்களில் தோன்றியது இதனாலேயே.

கடல் கடந்தும் கழியாத அழுக்கு ஒன்று உண்டு. அது ஜாதி. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டோர்க்குத் தனி லயம், கோயிலில் தனி இடம் என்னும் அநியாயத்தைத் தோட்டங்களிலும் நம்மவர் நட்டனர். பிறர் நம்மை அந்நியர் என்றபோது மனம் நொந்த நாமே, நம் சகோதரனை லயத்தின் கோடியில் அந்நியனாக்கி வைத்தோம். 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயா வந்து தமிழர் கூட்டங்களில் முழங்கியதும், கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் "தமிழ் முரசு" தொடங்கியதும் இந்நிலையை உடைக்க எழுந்த முயற்சிகளே. அவற்றின் பயனாகத் தோட்டத்துத் தமிழன் முதன்முறையாகத் தன்னைத் துரையின் கண்ணாலும் கங்காணியின் கண்ணாலும் அல்லாமல் தன் கண்ணாலேயே பார்க்கலானான்.

அந்நியன் என்பதன் பொருளை மந்த காலம் நன்கு புலப்படுத்திற்று. 1930-இல் தொடங்கி ரப்பர் விலை வீழ்ந்ததும், அடுத்த மூன்றாண்டுகளுக்குள் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட தமிழர் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். விலை ஏறினால் வா, இறங்கினால் போ என்பதே அக்காலத்து நீதி. மீண்டும் கூலி குறைக்கப்படவே, 1938 ஜூனில் இந்திய சர்க்கார் உதவி பெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடுத்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தூண்டுதலால் பெரு வேலைநிறுத்தம் எழுந்தது. சீனருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடை ஒழிப்பு, பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றோடு, துரைமார் முன்னும் உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அவர்களது கோரிக்கை. சைக்கிளில் அமர்ந்தபடி செல்வது அற்பமன்று, அது மானம். தொழிலாளர் பெண்டிரிடம் முறைகேடாய் நடந்த வெள்ளையரோடு "கறுப்பு ஐரோப்பியர்" என்று அவர்கள் சுட்டியது நம் கிராணி வகுப்பாரையும் உட்படுத்தியே. துருப்புகள் சுட்டதில் சிலர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். மறு ஆண்டு ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் திரும்பவேயில்லை.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமைக்கும் வழி திறந்தது. ஆயின் வழி திறந்திருத்தல் வேறு, நடந்து சென்று சேர்தல் வேறு. அதற்கு மனு வேண்டும், பிறப்புச் சான்று வேண்டும், எழுத்தறிவு வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்த பலருக்கு இவை ஒன்றும் இல்லை. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடியுரிமை இல்லாதோர்க்கு அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, வாழ்நாளெல்லாம் இங்கே மரம் வெட்டியவர் பல்லாயிரவர் அறியாத ஊராகிவிட்ட தமிழகத்திற்குத் திரும்பினர். எஞ்சியோரிற் சிலர் சிவப்பு அடையாள அட்டையுடன் இறுதிவரை காத்திருந்தனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல வீட்டு மனைகளாயின. பத்தாங் பெர்ஜுந்தாய் என்னும் ஊரின் பெயரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்றாயிற்று. ஊரின் பெயர் ஓர் உத்தரவில் மாறுகின்றது. அந்நியன் என்னும் பெயர் மட்டும் மூன்று தலைமுறை கடந்தும் எளிதில் மாறுவதில்லை.

இன்று கம்போங் குவாந்தானில் இரவில் படகேறி, பெரெம்பாங் மரங்களில் ஒருசேர மினுக்கும் மின்மினிகளைக் காண உலகின் பல பாகத்தாரும் வருகின்றனர். ஒரு நாள் தங்கும் அந்நியரை வரவேற்க எவரும் தயங்குவதில்லை. அதே சாலையின் இருமருங்கிலும் உள்ள செம்பனைத் தோட்டங்களில் வங்காள தேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் குலை வெட்டுகின்றனர். முகவருக்குக் கடன்பட்டு வருகின்றனர்; பலருடைய பாஸ்போர்ட் பிறர் கையில் கிடக்கின்றது. நம் பாட்டனார் வந்த விதமன்றோ இது? அங்ஙனமிருக்க, "வந்தேறி" என்ற சொல் நம்மீது வீசப்படும்போது கொதிக்கும் நம்மவரிற் சிலர், அதே சொல்லை அவ்வேழையர்மீது வீசக் கேட்கின்றோம். இதைவிட வெட்கத்திற்கிடமானது வேறில்லை.

எனவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு நமது விடை இதுவே. உழைத்துப் பண்படுத்திய மண்ணும், பிள்ளை பயின்ற பள்ளியும், முன்னோர் அடங்கிய இடுகாடும் எவனுக்கு உண்டோ அவன் அவ்வூரான். சட்டம் அதனை ஒப்புக்கொள்ளத் தாமதிக்கலாம். அதனால் உண்மை மாறிவிடாது. நாம் இப்போது செய்யக்கூடியன மூன்று. தோட்டத்து முதியோர் உயிருடன் இருக்கும்போதே அவர்தம் வரலாற்றைக் கேட்டு எழுதி வைத்தல் ஒன்று. பத்திரமின்றித் தவிப்போர்க்கு, படித்தவர் பக்கத்திலிருந்து மனு எழுதிக் கொடுத்தல் இரண்டு. புதிதாய் வந்தவனைப் பெயர் சொல்லி அழைத்தல் மூன்று. இம்மூன்றுக்கும் பணம் வேண்டாம், பதவி வேண்டாம். மானமுள்ள மனம் ஒன்றே போதும்.