தொலை

மலேசியாவில் எங்கள் ஊரான தஞ்சோங் ரம்புத்தானில் அடம் பிடிக்கிற பிள்ளையை அம்மா, “எங்கயாச்சும் தொலைஞ்சு போ” என்று ஏசுவார். பொழுது சாய்ந்தும் பிள்ளை வராவிட்டால் அவரே செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடுவார்.

சங்கப் பாடல்களில் தொலைதல் என்றால் அழிதல், கெடுதல், தோற்றல். தலைவன் பிரிந்தால் தலைவியின் அழகு தொலையும். இன்று தொலைவு என்றால் தூரம். தொலைபேசியும் தொலைக்காட்சியும் அந்தக் கிளையில் வந்தவை. அழிவும் தூரமும் ஒரே வேரில். பிள்ளை இல்லையா, எங்கோ இருக்கிறதா? அதை மட்டும் இந்தச் சொல் சொல்லாது.

‘தொலைந்தது’ என்றால் செய்தவர் எவருமில்லை. ‘தொலைத்தேன்’ என்றால் பழி தாயின் தலையில். ஈப்போவின் பாலர்பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்திக்கு இரண்டுமே பொருந்தாது. 2009இல், 11 மாதக் கைக்குழந்தையாக இருந்த மகளை, மதம் மாறிய கணவர் தூக்கிச் சென்றார். தாய்க்குத் தெரியாமல் அவர் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று 29.1.2018இல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்தது, மகள் வரவில்லை.

இலங்கைத் தமிழ்த் தாய்மார் இலக்கணத்தையே திருத்தினார்கள். 2017 பிப்ரவரியில், தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சித் தெருவோரம் உட்கார்ந்தவர்கள் ‘காணாமல் போனோர்’ என்பதை ஏற்கவில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். ஆக்கியவர் யார் என்ற கேள்வி வினைச்சொல்லிலேயே நிற்கிறது.