அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்: கல்முனைக் கரையோரக் கல்லூரிகளின் கரப்பந்தாட்டம்

ஒரு கல்லூரியின் விழா மலரைப் புரட்டினால் அதிபர்களின் வரிசை இருக்கும், பரீட்சைப் பெறுபேறுகள் இருக்கும், கட்டடங்கள் எழுந்த ஆண்டுகள் இருக்கும். விளையாட்டணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு குழுப்படம். இரண்டு வரிசையில் பன்னிரண்டு இளைஞர்கள், முன்னால் ஒரு கரப்பந்து, ஓரத்தில் பொறுப்பாசிரியர், கீழே பெயர்கள். அந்தப் பன்னிரண்டு பேரையும் அணியாக்கிய மாலைப் பொழுதுகளை எழுதிவைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்முனைக் கரையோரத்தில் கரப்பந்தாட்டத்துக்கென்று ஒரு நேரம் உண்டு. அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் நேரே மைதானத்துக்கு வருவார்கள். மஃரிபுக்கு வாங்கு சொல்லும்போது வலை இறங்கிவிடும். இடைப்பட்ட இரண்டரை மணி நேரத்துக்குள்தான் மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை எங்கள் ஊர்களின் அணிகள் உருவாகியிருக்கின்றன. அந்த நேரம் காக்கப்பட்ட காலங்களில் அணி நிமிர்ந்தது. பறிபோன காலங்களில் தளர்ந்தது. எங்கள் கரப்பந்தாட்டத்தின் வரலாறு என்பது அந்த நேரத்தின் வரலாறுதான்.

பந்து வந்த வழி

1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வை.எம்.சி.ஏ. உடற்கல்வி இயக்குநராக இருந்த வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை வகுத்தார். 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ.யில் பணியாற்றிய ரொபர்ட் வோல்டர் கமக் அதை இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1951இல் நாட்டுக்கான சம்மேளனம் அமைந்தது. 1991இல் கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

நகரத்துக் கழகம் ஒன்றில் தொடங்கிய ஆட்டம் கிராமத்து ஆட்டமாக மாறியதற்குக் காரணம் எளிமையானது. 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம் கொண்ட நிலம், இரண்டு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து. இவ்வளவும் இருந்தால் பன்னிரண்டு பேர் விளையாடலாம். கிரிக்கெட்டுக்குத் தேவையான பரப்பும் செலவும் இதற்கு வேண்டாம். பக்கத்து மட்டக்களப்பில் அமெரிக்க இயேசு சபைத் துறவியான வெபர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தார். அந்நகரின் மைதானம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கூடைப்பந்துக்கோ இறுகிய தளம் வேண்டும். கரப்பந்துக்கு எங்கள் கரையோர மணலே போதும்.

கல்லூரிகளும் மைதானங்களும்

கல்முனையின் ஆங்கிலக் கல்வி மெதடிஸ்த மிஷனரிமாரின் வெஸ்லி உயர்தரப் பாடசாலையோடு வேரூன்றியது. முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஓர் உயர்கல்விக்கூடம் வேண்டும் என்ற வேட்கையில், மர்ஹூம் கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பரின் முன்னெடுப்பில் 1949இல் ஸாஹிராக் கல்லூரி பிறந்தது. மருதமுனை அல்-மனார் மத்திய கல்லூரி, சம்மாந்துறை மத்திய கல்லூரி, நிந்தவூர் அல்-அஷ்ரக், அக்கரைப்பற்று முஸ்லிம் மத்திய கல்லூரி என்று நெடுஞ்சாலையை ஒட்டியும் உள்ளே தள்ளியும் கல்லூரிகள் வளர்ந்தன. தமிழ் ஊர்களில் கல்முனை கார்மேல் பற்றிமாவும் காரைதீவு விபுலானந்த மத்திய கல்லூரியும் நிமிர்ந்து நின்றன.

1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானது. இன்று இம்மாவட்டத்தில் ஏழு கல்வி வலயங்கள் உள்ளன. அவற்றுள் கல்முனை வலயத்தின் கோட்டங்களைப் பாருங்கள்: கல்முனை முஸ்லிம், கல்முனை தமிழ், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். ஒரு சைக்கிளில் அரை நாளில் சுற்றிவரக்கூடிய நிலப்பரப்பு இது. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த இந்தக் கரையில், கோட்டத்தை வென்ற அணி அடுத்ததாகச் சந்திப்பது அடுத்த ஊர்ப் பிள்ளைகளைத்தான். சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களின் பிள்ளைகள், வலையின் இரு பக்கமும் நின்று, ஒருவர் பெயரை மற்றவர் தெரிந்துகொள்வது வலயப் போட்டியில்தான். ஆட்டம் முடிந்து வலைக்குக் கீழாகக் கை கொடுக்கும் வழக்கத்தை நாங்கள் சிறியதாக எண்ணக்கூடாது. வேறெந்தப் பாட வேளையும் இந்த இரண்டு பிள்ளைகளையும் இவ்வளவு கிட்டத்தில் நிறுத்துவதில்லை.

கச்சான் கற்பித்தது

எங்கள் ஆட்டத்தின் முதல் பயிற்றுவிப்பாளர் காற்று. வைகாசி தொடக்கம் ஆவணி வரை மேற்கே வயல்வெளியைத் தாண்டி வீசும் கச்சான், மதியத்துக்குப் பின் மைதானத்துப் புழுதியைக் கிளப்பிவிடும். மேற்குப் பக்கம் நிற்கும் அணியின் சேர்விஸ் நினைத்ததைவிட அரை அடி, ஓர் அடி நீண்டு எல்லைக்கோட்டைத் தாண்டும். கிழக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் பந்து வலைக்கு மேலே நின்று தயங்கி, பின்பு சடாரென்று விழும். சுழற்சியின்றி அடிக்கப்படும் பந்து இயல்பாகவே ஆடி அசைந்து வரும். கச்சானில் அது எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது.

இதனால் எங்கள் பிள்ளைகள் இரண்டு விடயங்களைச் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஒன்று, பந்து கைக்கு வரும்வரை காத்திராமல் கால்களை நகர்த்துவது. மற்றது, பந்தைத் தாழ்வாகவும் வலைக்கு ஒட்டியும் தூக்கிக்கொடுப்பது. உயர்த்திக் கொடுத்தால் காற்று கொண்டுபோய்விடும். நல்ல செட்டர் ஒருவனின் கைகளைக் கிட்ட நின்று பார்த்தால் தெரியும். பத்து விரல்களும் பந்தை வாங்கி, மணிக்கட்டு ஒரு நொடி தாழ்ந்து, சத்தமே இல்லாமல் விடுவிக்கும். அந்தக் கைகளைப் புத்தகத்தில் படித்துப் பெற முடியாது. எங்கள் காலத்தில் அதைக் கற்றுத்தந்தவர்கள் கல்லூரியை விட்டு விலகிய மூத்த மாணவர்கள். கடையைப் பூட்டிவிட்டோ வயலிலிருந்து திரும்பியோ வருவார்கள். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வலையோரம் நின்று, பந்தை எறிந்து எறிந்து, "விரலால வாங்குடா தம்பி, உள்ளங்கையால வாங்காத" என்று சொல்லித்தருவார்கள். சம்பளமோ பதவியோ சான்றிதழோ அவர்களுக்கு இருந்ததில்லை. உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் தனித்து நின்று செய்ய முடியாத வேலையை அவர்கள்தான் செய்தார்கள்.

ஆட்டவிதிகளும் எங்கள் மாலைப் பொழுதுக்கு உதவியிருக்கின்றன. முன்பு சேர்விஸ் செய்யும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். சமபலமான இரு அணிகள் மோதினால் ஐந்து செட் எப்போது முடியும் என்று எவராலும் சொல்ல முடியாது. மஃரிப் நெருங்க நெருங்க மத்தியஸ்தர் வானத்தையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்ப்பார். 1990களின் இறுதியில் சர்வதேச சம்மேளனம் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. செட்டுக்கு 25, ஐந்தாவது செட்டுக்கு 15 என்றானது. ஆட்டம் நேரத்துக்குள் அடங்கியது. அதே காலத்தில் வந்த, பின்வரிசையில் மட்டும் ஆடும் லிபரோவுக்கான விதி, 2.43 மீற்றர் உயர வலைக்கு மேல் எழ முடியாத குள்ளமான பையனுக்கும் அணியில் கௌரவமான இடத்தைத் தந்தது. பின்வரிசையில் மணலில் விழுந்து பந்தெடுத்துப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு அது பொருத்தமான இடம்.

பறிபோன மாலைகள்

1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாலை நேரம் எங்களிடமிருந்து முதலில் பறிபோனது. இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டிய போர்க்காலம் அது. ஊரிலிருந்து ஊருக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் அஞ்சினார்கள். தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் ஒரே மைதானத்தில் சந்திப்பதே அரிதாயிற்று. வெளியூர் செல்ல முடியாத அந்த நாட்களில் ஊருக்குள்ளேயே அணி பிரித்து ஆடியவர்களால்தான் ஆட்டம் அறுந்துபோகாமல் இருந்தது.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மறைந்தனர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதுவிலும் கரையோர வீதிகள் இருந்த தடமே இல்லாமற் போயின. பாடசாலைகள் அகதி முகாம்களாயின. ஆடிய இடங்களில் கூடாரங்கள் எழுந்தன. பிறகு ஆட்டம் திரும்பியபோது, அதைச் சிலர் வேடிக்கையாகப் பார்த்தார்கள். ஆனால் தாயையோ தம்பியையோ இழந்த பிள்ளைக்கு, அஸருக்குப் பின் போய் நிற்பதற்கு ஓர் இடமும், பெயர் சொல்லிக் கூப்பிட ஐந்து பேரும் இருந்தது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த வயதைக் கடந்தவர்கள் அறிவார்கள். இறந்துபோன எங்கள் விளையாட்டுத் தோழர்களின் மறுமை வாழ்வுக்காக இம்மலரின் வாயிலாகவும் பிரார்த்திக்கிறோம்.

மூன்றாவது இழப்பு சத்தமின்றி வந்தது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன்பின் உயர்தரப் பரீட்சை ஆகஸ்டிலிருந்து நகர்ந்து ஆண்டின் பிற்பகுதிக்கும் அடுத்த ஆண்டின் தொடக்கத்துக்கும் சென்றது. எந்த மாதம் பயிற்சிக்குரியது, எந்த மாதம் படிப்புக்குரியது என்ற பழைய கணக்குக் குழம்பியது. அந்த இடைவெளியில் தனியார் வகுப்புகள் மாலை நேரத்தை முழுமையாக எடுத்துக்கொண்டன. போரும் கடலும் பறித்ததை மீட்டெடுத்த நாங்கள், வகுப்பு நேர அட்டவணையிடம் அதை மெல்ல மெல்ல இழந்துவருகிறோம்.

ஒரு பருவகாலத்தின் பாதை

வரவிருக்கும் போட்டிகளைப் பெற்றோரும் பழைய மாணவரும் விளங்கிக்கொள்வதற்காகப் பாதையைச் சொல்லிவைக்கிறேன். ஆண்டின் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்ததும் 16, 18, 20 வயதுக்குட்பட்ட மூன்று பிரிவுகளிலும் அணித் தெரிவு தொடங்கும். முதலில் கோட்டம், பின்பு வலயம். வலயத்தில் வென்ற அணி கிழக்கு மாகாணத்தின் 17 வலயங்களின் அணிகளோடு மோதும். திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாவும் மூதூரும் அங்கே வரும். மட்டக்களப்பின் கல்குடாவும் பட்டிருப்பும் வரும். எங்கள் மாவட்டத்தின் மஹாஓயாவும் தெஹியத்தகண்டியும் வரும். சிங்களக் கிராமங்களில் கரப்பந்து வீட்டு முற்றத்து ஆட்டம் என்பதால் அவ்வணிகளை இலேசாக எண்ணிவிட முடியாது. மாகாணத்தைத் தாண்டினால் அகில இலங்கை மட்டம்.

இந்தப் பாதையில் எங்கள் அணிகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மேல்மட்டப் போட்டி உள்ளரங்கில் நடந்தால் அங்கே காற்று இல்லை, தளம் கடினம். கச்சானுக்குப் பழகிய கை, காற்றில்லாத இடத்தில் பந்தைத் தாழ்வாகவே தூக்கிக்கொடுக்கும். அடிப்பவன் எழும்முன் பந்து இறங்கிவிடும். ஆகவே போட்டிக்கு முந்திய வாரங்களிலாவது ஏதேனும் ஒரு மூடிய மண்டபத்தில் பயிற்சி கிடைக்க ஏற்பாடு செய்வது அவசியம்.

நோன்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். றமழான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னேறுகிறது. 2025இல் மார்ச்சிலும் 2026இல் பெப்ரவரியிலும், அதாவது அணித் தெரிவு நடக்கும் வேளையிலேயே நோன்பு வந்தது. அம்மாதத்தில் மாலைப் பயிற்சியைக் குறைத்து, தராவீஹுக்குப் பின் மின்னொளியில் ஆடும் வழக்கம் எங்கள் இளைஞரிடம் உண்டு. ஸஹருக்கு எழ வேண்டிய பிள்ளைகள் என்பதை மறவாமல் அதை நேரத்தோடு முடிப்பது பொறுப்பாசிரியரின் கடமை. இனிவரும் ஆண்டுகளில் நோன்பு ஜனவரியை நோக்கி நகர்ந்து, வாடைக்காற்று மழைக்காலத்தோடு சேரும். கச்சான் மாதங்கள் முழுமையாகப் பயிற்சிக்குக் கிடைக்கும். இந்த வாய்ப்பை இப்போதே திட்டமிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

ஒலுவில் வரை

பாடசாலையோடு ஆட்டம் முடிந்துவிட வேண்டியதில்லை. 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்து ஒலுவிலில் நிலைகொண்டது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் பெருங்கனவு அது. போர்ச் சூழலில் பிற வளாகங்களுக்குச் செல்ல முடியாத முஸ்லிம் மாணவர்களுக்காகத் தோன்றிய அந்தக் கல்விக்கூடத்தில் இன்று மூவின மாணவர்களும் கற்கிறார்கள். மாத்தறைப் பிள்ளையும் யாழ்ப்பாணப் பிள்ளையும் மருதமுனைப் பிள்ளையும் ஒரே அணியில் ஆட வழி பிறந்திருக்கிறது. தேசிய மட்டத்தில் திறமை காட்டியோருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஒதுக்கீடு உள்ளது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்ற பேச்சுக்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை.

எமது வேண்டுகோள்

வரும் பருவத்துக்குக் கோப்பைகளைவிட முன்னதாக எங்களுக்கு வேண்டியது நேரம். பெற்றோரே, வாரத்தில் மூன்று மாலைகளை உங்கள் மகனுக்கு விட்டுக்கொடுங்கள். வகுப்பு நடத்தும் ஆசிரியர்களே, அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தவிர்த்து இரவிலோ விடுமுறை நாளிலோ வகுப்பை வையுங்கள். பழைய மாணவர்களே, பணம் அனுப்புவோருக்கு நன்றி. ஊரில் இருப்போர் மைதானத்துக்கும் வாருங்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இன்று பந்து எறிந்து கொடுத்தால்தான் நான்கு ஆண்டுகளின் பின் 20 வயதுக்குட்பட்ட அணியில் அவன் நிற்பான். வலயப் போட்டி நடக்கும் நாளில் எதிரணிக்கும் கைதட்டுங்கள். அவர்களும் எங்கள் கரையின் பிள்ளைகளே.

குழுப்படத்தில் இடம்பெறாமல், கூலி கேளாமல் எங்களுக்கு ஆட்டம் கற்றுத்தந்த மூத்தவர்கள் அனைவருக்கும் இம்மலரில் நன்றி செலுத்துகிறோம். அவர்கள் தந்ததை அடுத்த தலைமுறைக்குத் தருவது எங்கள் கடன். வல்ல அல்லாஹ் அதற்குத் துணைபுரிவானாக.