வெண்ணிற உடையில் ஓர் அரசி



1993 ஜூலை 31 அன்று, 42 ஆண்டுகள் பெல்ஜியத்தை ஆண்ட மன்னர் போதுவான் ஸ்பெயினில் திடீரென மாரடைப்பால் இறந்தார். பிரசெல்ஸ் அரண்மனையில் அவரது உடல் வைக்கப்பட்டபோது, மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள்.

ஆகஸ்ட் 7-இல் புனித மிக்கேல், புனித குதுலா பேராலயத்தில் அடக்கத் திருப்பலி. ஐரோப்பாவில் துக்கத்தின் நிறம் கறுப்பு. ஆனால் அரசி ஃபபியோலா வெண்ணிற உடையில் வந்தார். 32 ஆண்டு இல்லறத் துணையை இழந்தவர், பிள்ளைகளும் இல்லை. அவருக்குத் துயரம் இல்லையா? இருந்தது. ஆயினும் பாஸ்காவின் நிறத்தை உடுத்தி, உயிர்ப்பை அறிக்கையிட்டார்.

அழுவது அவநம்பிக்கையல்ல, இலாசரின் கல்லறையருகே ஆண்டவரும் அழுதார். நம் வீட்டில் சாவு நேரும்போது, கண்ணீரோடு இந்த நம்பிக்கையையும் உடுத்திக்கொள்வோமா?