ஊட்டி வர்க்கி

ஊட்டிக்குப் போகிறவர்கள் வர்க்கி வாங்காமல் இறங்குவதில்லை. 1822-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் அங்கே கல் பங்களா கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் தங்கள் ரொட்டி அடுப்போடு மலையேறினார்கள். 1908-ல் ரயிலும் ஊட்டியைத் தொட்டது. லாட்ஜும் கடையும் பேக்கரியும் பெருகின.

1977-ல் நானும் மனைவியும் சாலவாக்கத்திலிருந்து போயிருந்தோம். சேரிங் கிராஸ் பக்கம் ஒரு பேக்கரியில் டீயோடு வர்க்கி தந்தார்கள். வாயில் அடுக்கடுக்காக உதிர்ந்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்த பெருமையில், "இது சீமைப் பண்டம்" என்றேன். விறகடுப்பின் முன் வியர்த்து நின்றவரைக் காட்டி, "ஏங்க, சுடுறவர் நம்ம ஆளுதானே" என்றாள்.

2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்ல ஆசை. கேட்க அவள் இல்லை.