பினாங்கின் மணியும் கணினியின் நாழிகையும்

நாள் ஒன்றுக்கு 60 நாழிகை என்றும், நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம் என்றும் மாணவர் மனப்பாடம் செய்வர். ஆயினும், அந்நாளின் நடுப்பொழுதை எதனைக் கொண்டு அறிவது என்று வினவினால் பெரும்பாலோர் கடிகாரத்தையே சுட்டுவர். தண்ணீர்மலைச் சாரலில் நின்று நோக்கும் ஒருவர்க்கு இவ்விடை பொருந்தாது. பினாங்கு ஏறத்தாழ 100 பாகை 20 கலை கிழக்கு நெடுங்கோட்டில் அமைந்தது. பாகை ஒன்றுக்கு 4 நிமிடம் எனக் கணக்கிட்டால், கிரீனிச்சு நேரத்தை விட 6 மணி 41 நிமிடமே இத்தீவு முந்துகிறது. நம் கடிகாரமோ 8 மணி முந்தி ஓடுகிறது. ஆகவே கதிரவன் உச்சிக்கு வருவது, சராசரியாக, பிற்பகல் 1 மணி 18 நிமிடத்தில்தான். இவ்வேறுபாடு மூன்றேகால் நாழிகைக்கும் சற்று மிகுதி. காலை 6 மணிக்குப் பொழுது விடிவதாகக் கொண்டு வகுத்த இராகுகால அட்டவணையை இங்கு அப்படியே பின்பற்றுவோர், இத்தீவில் 7 மணிக்குப் பின்னரே கதிரவன் எழுகிறான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த வேறுபாடு ஒரே நாளில் தோன்றியதன்று. ஜார்ஜ் டவுன் கடற்கரையருகே நிற்கும் மணிக்கூண்டை விக்டோரியா பேரரசியாரின் அறுபதாம் ஆட்சியாண்டு நினைவாக 1897-இல் அளிக்க முன்வந்தவர் சியா சென் இயோக் என்னும் சீனச் செல்வர். ஆண்டுக்கு ஓரடியாக 60 அடி உயரம் கொண்ட அக்கூண்டு 1902-இல் நிறைவுற்றது. அதன் முள்கள் எத்தனை முறை நகர்த்தப்பட்டன என்பதே நம் வரலாறு.

1905 சூன் முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் கிரீனிச்சுக்கு 7 மணி முந்திய நேரத்தை ஏற்றன. 1933 சனவரியில் பகலொளியை மாலையில் மிகுதியாகப் பெறுதற்பொருட்டு 20 நிமிடம் கூட்டப்பட்டது. 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம் சேர்ந்து 7 மணி 30 நிமிடமாயிற்று. அவ்வாண்டு திசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றினர். அவர்தம் ஆட்சியில் டோக்கியோ நேரமே நம் நேரமாயிற்று. கிரீனிச்சுக்கு 9 மணி முந்திய அக்கணக்கின்படி உச்சிப்பொழுது பிற்பகல் 2 மணி 18 நிமிடத்தில் வரும். பசியில் வாடிய மக்களுக்கு நண்பகல் கூடத் தள்ளிப் போயிற்று போலும்! 1945 செப்டம்பரில் பழைய 7 மணி 30 நிமிடம் மீண்டது. இறுதியாக, டாக்டர் மகாதீர் தலைமை அமைச்சராயிருந்த காலத்தில், சபா, சரவாக் மாநிலங்களோடு ஒருமை காணும்பொருட்டுத் தீபகற்பத்திலும் 8 மணிக் கணக்கு வந்தது. 1981 திசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரங்கள் நள்ளிரவு 12-க்கு நகர்த்தப்பட்டன. சிங்கப்பூரும் அவ்வழியே சென்றது.

இத்தனை மாற்றங்களையும் கணினி எவ்வாறு நினைவில் கொள்கிறது? உண்மையில், கணினியின் கருநிரலுக்கு இவை எதுவும் தெரியா. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களின் கருநிரல் 1970 சனவரி முதல் நாள் தொடங்கிக் கழிந்த வினாடிகளை ஒரே எண்ணாக எண்ணிக்கொண்டிருக்கும். அவ்வெண்ணை ஓர் ஊரின் நேரமாக மாற்றுதற்கு வேறோர் அட்டவணை உண்டு. 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய அவ்வட்டவணையில் மேற்கண்ட மாற்றங்கள் வரிசையாகப் பதிவாகியுள்ளன.

எனவே நேரப் பிழை கண்டவிடத்து முதலில் ஆராயத் தக்கது, பிழை எண்ணிக்கையிலா அட்டவணையிலா என்பதே. அரைமணி, ஒரு மணி என முழுமையாகப் பிறழ்ந்தால் பெரும்பாலும் அட்டவணைப் பிழை. நாளும் ஓரிரு வினாடி நழுவினால் அது படிகத்தின் இயல்பு. வினாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம், நூறாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் மாதத்தில் ஏறத்தாழ 26 வினாடி பிழைபடும். தன் கடிகாரம் பிழையென அதனை மட்டுமே நோக்கி எவரும் அறிதல் இயலாது; ஆதலால் லினக்சு கருநிரல் ஒரு கடிகாரத்தை மற்றொன்றோடு ஓயாது ஒப்பிட்டு, ஒவ்வாததை நம்பத் தகாதது என ஒதுக்குகிறது.

எண்ணிக்கையே குழம்பியதற்கும் சான்று உண்டு. தண்ணீர்மலையில் புதிய கோவில் குடமுழுக்குக் கண்ட 2012-இல், புவியின் சுழற்சியோடு கடிகாரத்தைப் பொருத்த வேண்டி உலகெங்கும் ஒரு வினாடி மிகுதியாகச் சேர்க்கப்பட்டது. நமக்கு அது சூலை முதல் நாள், ஞாயிறு காலை 8 மணிக்கு முந்திய வினாடி. லினக்சு கருநிரல் தன் நேரத்தை ஒரு வினாடி பின்னிழுத்தது. ஆனால் நுண்காலத் துயிலெழுப்பிகளைக் காக்கும் பகுதிக்கு அச்செய்தியைச் சொல்ல மறந்தது. அப்பகுதி ஒரு வினாடி முந்தியே நின்றது. அரை வினாடி உறங்க வேண்டிய நிரல்கள் உறங்குமுன்பே எழுப்பப்பட்டு, மீண்டும் மீண்டும் அவ்வாறே சுழன்றன. ஆஸ்திரேலியாவில் விமானப் பயணிகளின் பதிவுப் பணி தடைப்பட்டது. மருந்தோ மிக எளிது: நேரத்தை மறுமுறை குறித்துக் கொடுத்தவுடன் இரு பகுதிகளும் ஒன்றுபட்டன.

அட்டவணைப் பிழையோ எளிதில் வெளிப்படாது. சிங்கப்பூரின் மாற்றம் இரவு 11.30-க்கு நிகழ்ந்ததை நள்ளிரவு எனவே அட்டவணை நெடுங்காலம் கொண்டிருந்தது. பின்னரே திருத்தம் பெற்றது. அரைமணிக்கு இத்துணை ஆராய்ச்சியா எனலாம். ஓர் இலக்கினத்தின் அளவு சராசரி 5 நாழிகை. 1943-இல் பினாங்கில் பிறந்த ஒருவர்க்குக் கணினியில் சாதகம் கணிப்பவர், டோக்கியோ நேரத்தை மறந்து 7 மணி 30 நிமிடக் கணக்கைக் கொண்டால் மூன்றேமுக்கால் நாழிகை பிழைபடும், இலக்கினமே மாறக்கூடும். 1970-இல் பிறந்தவர்க்கு இன்றைய 8 மணிக் கணக்கைக் கொள்வோரும் உளர். அவர் தவறுவது ஒன்றேகால் நாழிகை. இனி, 1981 திசம்பர் 31 இரவு 11.45-க்குப் பிறந்ததாக ஒரு பதிவு இருப்பின், அத்தகைய நேரம் இந்நாட்டுக் கடிகாரத்தில் தோன்றவே இல்லை. மகப்பேற்று அறையின் கடிகாரத்தை எவரும் திருப்பி வைக்கவில்லை என்றே அதற்குப் பொருள். அக்குழந்தையின் சட்டப்படியான பிறந்தநாள் 1982 சனவரி முதல் நாள், நள்ளிரவு கடந்து 15 நிமிடம்.