இரட்டைச் சூரியோதயம்

'கூப்பிடு தூரம்', 'ஒரு நாள் நடை' என்று தொலைவைக் குரலாலும் காலத்தாலும் அளந்த மரபு நம்முடையது. வானூர்தி வந்த பின்னும் இவ்வளவை பொருளிழக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இலங்கையின் தென்கரைக்கும் இடைப்பட்ட கடல்வெளி ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானத்துக்கு அது சுமார் ஏழு மணி நேரப் பறப்பு. 1943இல் அதைக் கடக்க ஒரு முழு இரவும் இரண்டு விடியல்களும் தேவைப்பட்டன.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும், ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதை மீண்டும் இணைக்க, பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்குக் குவாண்டாஸ் நிறுவனம் ஒரு வழி கண்டது. நீரில் இறங்கும் ஐந்து கேட்டலினா விமானங்கள் இப்பணியில் ஈடுபட்டன. அவற்றுக்கு விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தனர், பொருத்தமான பெயர்கள்தாம். எதிரிக்குத் தெரியாதிருக்க வானொலித் தொடர்பு தவிர்க்கப்பட்டதால், மாலுமிகளைப்போல விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டனர்.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் என்றால் 28 மணி நேரம். ஆனால், 30 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்று வீசினால் அதுவே 33 மணி நேரமாக நீளும். மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது. சுமையின் பெரும்பகுதி எரிபொருளே. எஞ்சிய இடத்தில் மூன்று பயணிகளும் 69 கிலோ அஞ்சலும் மட்டுமே. ஜப்பானியர் நடமாட்டமுள்ள பகுதியை இருளில் கடக்கும்படி நேரம் வகுக்கப்பட்டது. பயணிகள் வானிலேயே இருமுறை சூரியோதயம் கண்டனர். அதற்கென ஒரு சான்றிதழும் பெற்றனர். 1945 ஜூலை வரை 271 முறை இக்கடல் கடக்கப்பட்டது. ஒரு விமானமும் இழக்கப்படவில்லை.

சாகசக் கதை இத்துடன் முடிந்துவிடும். ஆனால் அந்த ஏரிக்கரையில் ஒரு கிராமம் இருந்தது. விமானத் தளத்துக்காகக் கொக்கல மக்கள் தம் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. தென்னிலங்கைக் கிராமமொன்றின் பழைய வாழ்வு குலைவதைச் சொல்லும் அவருடைய 'கம்பெரலிய' நாவல் வெளிவந்தது 1944இல். கேட்டலினாக்கள் அந்த ஏரியிலிருந்து எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டு. நாவல் பேசுவது போரைப் பற்றி அன்று. எனினும் அவர் எழுத்தில் காத்த ஊர், அவ்வேளையில் மண்ணில் கலைந்துகொண்டிருந்தது. அவர் பிறந்த வீடு தப்பியது. இன்று அது அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது.

2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடைநில்லா விமானச் சேவை தொடங்கியது. ஏறத்தாழ 14,500 கிலோமீட்டரைச் சுமார் 17 மணி நேரத்தில் கடக்கிறார்கள். இரண்டரை மடங்கு தொலைவு, பாதியளவே நேரம். தொலைவு சுருங்கிய கணக்கை விமான வரலாறு துல்லியமாக எழுதி வைத்திருக்கிறது. அதற்காக இடம் பெயர்ந்தவர்களின் கணக்கை இலக்கியத்தின் ஓரத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.