பேண்ட் மாஸ்டரின் பெயர்

"டேய், சைடு ட்ரம் இன்னும் கை வருமா உனக்கு?"

பள்ளித் தோழன் போனில் இப்படிக் கேட்டபோது நான் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். 1971-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த எங்கள் செட், ஜனவரி 26 அன்று பள்ளியில் ஒன்றுகூடுவதாக ஏற்பாடு. கொடியேற்றத்துக்குப் பழைய பேண்டே வாசிக்க வேண்டுமாம். அன்று பேண்டில் இருபத்திரண்டு பேர். இப்போது தேறியது ஒன்பது. அதில் இரண்டு பேருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டது. "மார்ச் பண்ண வேண்டாம், நின்ன இடத்துலயே வாசிக்கலாம்" என்றான். ஒப்புக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஒரு வாரம் ஒத்திகைக்குப் போய் வந்தேன். பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தபோதெல்லாம் எங்கள் பேண்ட் மாஸ்டரின் நினைவுதான்.

மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் எங்களுக்கு 'சார்'. அவர் மட்டும் 'மாஸ்டர்'. பள்ளிச் சம்பளப் பட்டியலில் அவர் கிடையாது. வாரம் இரண்டு நாள் வருவார், நாள் கணக்கில் கூலி. மற்ற நாட்களில் கல்யாண ஊர்வலங்களில் கிளாரினெட் வாசிப்பார். அவருடைய தாத்தா கன்டோன்மென்ட்டில் ஒரு பட்டாளத்து பேண்டில் இருந்தவர் என்று சொல்வார்.

அப்போது அதைக் கதை என்றுதான் நினைத்தோம். ரிட்டயர் ஆனபின் படித்துப் பார்த்ததில், அப்படி ஒன்றும் நடக்காத காரியமில்லை என்று தெரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நடந்த கர்நாடகப் போர்களிலிருந்தே திருச்சி கும்பினிப் படையின் முக்கியமான தளம். பட்டாளம் இருந்த இடத்தில் ட்ரம்மும் பியூகிளும் இருக்கும். படை நடப்பதும் நிற்பதும் சாப்பிடப் போவதும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

பியூகிளில் துளையும் இல்லை, சாவியும் இல்லை. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் ஸ்வரத்தை மாற்ற வேண்டும். அதில் கிடைப்பது ச, க, ப. அந்த மூன்றை மேலும் கீழுமாகப் போட்டுத்தான் எல்லா அழைப்பும். "மூணு ஸ்வரத்துல ஒரு பட்டாளத்தையே எழுப்பலாம் தம்பி, உங்களுக்கு ஏழு இருந்தும் தூக்கமா வருது?" என்பார் மாஸ்டர்.

பக்கத்துத் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சிக் காலம் 1798 முதல் 1832 வரை) அரண்மனையிலேயே மேல்நாட்டு வாத்தியங்களைக் கொண்டு ஒரு பேண்ட் வைத்திருந்தார். அதே காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர் (1775 - 1835) சென்னை மணலியில் சில காலம் இருந்தார். அங்கே கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டைக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை. அந்த மெட்டுகளில் சமஸ்கிருத சாகித்யம் செய்துவிட்டார். கிட்டத்தட்ட நாற்பது உருப்படிகள். அவர்களுடைய மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணத்தோடு பொருந்துவதால் எல்லாம் சங்கராபரணத்திலேயே அமைந்தன. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டுக்கும் ஒன்று உண்டு. 'நோட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து இவற்றுக்கு 'நோட்டு ஸ்வரம்' என்று பெயர் வந்தது. மதுரை மணி ஐயர் கச்சேரியில் 'இங்கிலீஷ் நோட்டு'க்காகக் கடைசி வரை காத்திருந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். அதை இயற்றியவர் முத்தையா பாகவதர்.

மாஸ்டரும் எங்கள் அணிவகுப்பு மெட்டை 'நோட்டு' என்றுதான் சொல்வார். "நோட்டை எடு" என்றால் புல்லாங்குழல் பையன்கள் ஆரம்பிக்க வேண்டும். சில வருஷம் முன்பு என் பேத்தி பாட்டு கிளாஸில் கற்ற 'சக்தி ஸஹித கணபதிம்' பாடிக்கொண்டிருந்தாள். என் விரல்கள் தாமாகவே நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்துவிட்டன. பழைய நடை அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது.

மாஸ்டரின் கிளாரினெட்டும் பட்டாளத்து வழியாக வந்த வாத்தியம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்துவிட்டது. அதில் முழுக் கர்நாடக சங்கீதத்தையும் வாசித்துக் காட்டிய ஏ.கே.சி. நடராஜன் நம் திருச்சிக்காரர். 2008-ல் சங்கீத கலாநிதி, 2022-ல் பத்மஸ்ரீ. நமக்கெல்லாம் பெருமை. ஆனால் மேடை ஏறாத கிளாரினெட்காரர்கள் எத்தனையோ பேர் கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டே நடந்து போனார்கள். எங்கள் மாஸ்டர் அவர்களில் ஒருவர்.

ஒத்திகைக்கு அவருடைய மகன் வந்தார். அவருக்கே அறுபதைத் தாண்டிவிட்டது. சொந்தமாகக் கல்யாண பேண்ட் வைத்திருக்கிறார். ட்ரம்களைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். என் இடது கை, குச்சியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தானாகவே பிடித்தது. ஆனால் 'டாடி, மம்மி' என்று ஒவ்வொரு கைக்கும் இரண்டிரண்டு அடியாக உருட்ட வேண்டிய இடத்தில் மணிக்கட்டு மறுத்தது. "அவசரப்படாதீங்க சார், மெதுவா ஆரம்பிச்சா தானா வரும்" என்றார். அப்பாவின் குரல் அப்படியே.

மூன்றாம் நாள் தோழன் ஒருவன் 1970-ம் வருஷத்து குரூப் போட்டோவைக் கொண்டுவந்தான். நடுவில் தலைமை ஆசிரியர், பக்கத்தில் டிரில் சார், சுற்றிலும் நாங்கள். மகன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் தேடினார். "அப்பா எங்க சார்?"

ஒன்பது பேரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போட்டோ எடுக்கும்போது மாஸ்டர் வேப்பமரத்தடியில், ட்ரம் உறைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. எங்களுக்கும் கூப்பிடத் தோன்றவில்லை. அதைவிட வெட்கம், போட்டோவின் பின்னால் எல்லோருடைய பெயரையும் எழுத ஆரம்பித்தபோதுதான் உறைத்தது: ஐந்து வருஷம் அவரிடம் கற்ற எனக்கு அவருடைய பெயரே தெரியாது. 'மாஸ்டர்' என்பதே போதுமாக இருந்திருக்கிறது.

தீட்சிதர் பெயர் இருக்கிறது, சரபோஜி பெயர் இருக்கிறது. தீட்சிதர் கேட்ட அந்தக் கோட்டை பேண்டில் ஊதியவர்கள், அடித்தவர்கள் பெயரை நான் இதுவரை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

ஜனவரி 26 அன்று வாசித்தோம். இரண்டு இடத்தில் தாளம் தடுமாறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். முடிந்ததும் போட்டோ. மகனை நடு நாற்காலியில் உட்காரச் சொன்னோம். "வேணாம் சார், வாத்தியத்தை வண்டியில ஏத்தணும்" என்று தயங்கினார். உறைகளை நாங்கள் வாங்கிக்கொண்டு அவரை உட்கார வைத்தோம்.

பழைய போட்டோவின் பின்னால் மாஸ்டரின் பெயரை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், இனிஷியலோடு. வீட்டாரைக் கேட்காமல் இங்கே போடுவது முறையல்ல. உங்களுக்கும் இப்படி ஒரு மாஸ்டர் இருந்திருப்பார். பெயர் தெரியாவிட்டால், தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.